நாய் குறுக்கே பாயவில்லை

சைக்கிள் கொட்டிலின் மூலையில், ஓடாமல் கிடக்கும் தோணி இஞ்சின் ஒன்றின் மேல், அந்தப் பால்மா டின் இன்னும் இருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெயில் ஊறிய துணித்துண்டு. வாப்பாவின் நீலக் கட்டம் போட்ட சாரத்தில் கிழித்தது. தேங்காயெண்ணெயும் பழைய இஞ்சின் ஒயிலும் கலந்த வாடை மூக்கில் ஏறும். கற்பிட்டிக் கடலோரத்தில் பிறந்த எங்களைப் போன்றவர்கள் வீட்டில் இப்படி ஒரு டின் இல்லாமல் இராது. நங்கூரம், பூட்டு, கதவுக் கொண்டி, தையல் மெஷினின் கால் என்று இரும்பாய்க் கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்து வைக்கவேண்டும். "கடக் காத்துக்குப் பல்லு இல்ல, ஆனா இரும்பத் தின்னும்" என்பார் வாப்பா. அவர் மவுத்தாகி வெகு காலமாகிவிட்டது. கை மட்டும் அவர் பழக்கியபடியே போகிறது. இந்த டின்னை எறிந்துவிடலாம் என்று எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன், எறியவில்லை. எறிந்தால் ஒரு சாட்சியை இல்லாமல் ஆக்கியவனாவேன். அந்த வேலையை ஏற்கெனவே ஒரு தரம் செய்துவிட்டேன்.

என் தங்கச்சியைக் கட்டிய மச்சான் மாத்தளைப் பக்கத்து மலையில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் குடும்ப வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து இருந்தார். முதல் வருடம் அவருக்குக் கடலும் பிடிக்கவில்லை, கருவாட்டு வாடையும் பிடிக்கவில்லை. இரண்டாம் வருடம் கொழும்பில் பழைய மவுண்டன் சைக்கிள் ஆறை வாங்கி லொறியில் கொண்டுவந்து இறக்கினார். ஊரே சிரித்தது. தென்னையைவிட உயரமாக ஒன்றும் இல்லாத ஊரில் மலைச் சைக்கிளாம்! "மலை எப்ப மச்சான் வருது, அடுத்த லொறியிலயா?" என்று சந்தியில் நின்று நாலு பேர் கேட்க நானே கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. "மலை இல்லாட்டி என்ன மச்சான், மணல் இரிக்கி தானே" என்று தன் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டு சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதுதான் நடந்தது. பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்குக் காற்று விழுந்த நாளில் வேறு வேலை இல்லை. அவர்களை மணல்மேட்டிலும், கடல் உள்ளே வந்து தேங்கும் களப்போரத்திலும் உப்பளத்து வரம்பிலும் ஓட்டிக்கொண்டு போனார். கடலுக்குப் போய்ப் போய் முதுகு விட்டுப்போன எனக்குச் சைக்கிள்களைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

அவருடைய ஞாபகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் சொல்லிப் பயனில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒருத்தி திரும்பவும் வந்து இறங்கினால், அவளுடைய பெயர், புருஷனுடைய பெயர், அவள் எந்தச் சைக்கிளில் போய் எந்தத் திருப்பத்தில் விழுந்தாள் என்பது வரை சொல்லுவார். என் மூத்த மகன் என்ன கிழமையில் பிறந்தான் என்று கேட்டால் நான் தலையைச் சொறிவேன், மச்சான் பட்டென்று சொல்லுவார். வீட்டில் சாவி காணாமல் போனாலும், வட்டிலப்பத்துக்கு உம்மா எத்தனை முட்டை போடுவா என்ற சந்தேகம் வந்தாலும், அவரிடம்தான் போவார்கள்.

அந்தச் சைக்கிள்களின் பிரேக் எங்கள் ஊர்ச் சைக்கிளின் ரப்பர்க் கட்டை இல்லை. சக்கரத்தின் நடுவில் மெல்லிய இரும்புத் தட்டு ஒன்று சுற்றும். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சின்னக் கட்டைகள் அதை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்தும். முதல் நாளே மச்சான் குந்தியிருந்து விரலால் தொட்டுக் காட்டினார். "மச்சான், வேற எங்க வேணும்டாலும் எண்ண பூசுங்க. இந்தத் தட்டுல மட்டும் ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டா வழுக்கும், பிடிக்காது." ஓம் ஓம் என்றேன். மனதுக்குள், மலையில் பிறந்த ஆள் எனக்கு இரும்பைப் பற்றிப் படிப்பிக்க வந்துவிட்டாரே என்றும் நினைத்தேன்.

மாரி தொடங்கிய நேரம் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது. கலியாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். தங்கச்சி மயக்கத்தில் கிடந்தாள், உம்மா வீட்டில் நோன்பு நேர்ந்து உட்கார்ந்திருந்தா, ஆஸ்பத்திரி நடைபாதையில் மச்சானும் நானும் மட்டும்தான். தாதி வெள்ளைத் துணியில் சுற்றிப் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மச்சான் யன்னல் பக்கம் போய், தொழும் திசையான கிப்லாவை என்னிடம் கேட்டுத் திரும்பி நின்று, பிள்ளையின் வலக்காதில், பிறந்ததும் வாப்பா சொல்லவேண்டிய பாங்கை, தொழுகைக்கு அழைக்கும் வார்த்தைகளை, மெல்லச் சொன்னார். நடுவில் தொண்டை அடைத்துவிட்டது. நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினார். பிள்ளை அழவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டது. இதைப் பார்த்தது நான் ஒருவன்தான். பின்னால் இது எவ்வளவு பெரிய விஷயமாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு நாற்பது நாள் அவர் வீட்டோடு இருந்தார். மழையில் ஆட்களும் வரவில்லை. கொட்டிலில் நானும் ஆறு சைக்கிளும் இந்த டின்னும். ஈரக் காற்றில் அந்தத் தட்டுகளில் செம்மஞ்சளாகத் துரு பூத்தது. பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. அவர் சொன்னதை நான் மறக்கவில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மறந்துவிட்டேன் என்றால் பாதிப் பாவம் குறைந்திருக்கும். "மலைக்காரருக்குக் கடக் காத்து என்ன தெரியும்? வந்து பாக்கட்டும், துரு ஒண்டும் இல்லாம இரிக்கிறதக் கண்டா வாயப் பொத்துவார்" என்று நினைத்துத்தான் டின்னைத் திறந்தேன். ஆறு சைக்கிளுக்கும் பன்னிரண்டு தட்டுக்கும் மெல்லிசாகப் பூசினேன். தள்ளி நின்று பார்த்தேன், பளபளவென்று அழகாக இருந்தது.

நாற்பது முடிந்து, மழை விட்டு, முதல் ஆட்கள் வருவதாக அறிவித்திருந்தார்கள். ஆட்களுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு சைக்கிளையும் தானே ஓட்டிப் பார்ப்பது மச்சானின் வழக்கம். மணல்மேட்டின் உச்சியிலிருந்து சரளை போட்ட கிரவல் வீதி நேராக இறங்கி மதகில் முடியும். எங்கள் ஊரில் மலை என்று சொல்ல அது ஒன்றுதான். காலையில் அவர் முதல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார். நான் மதகடியில் பிளேன்டீயோடு நின்றேன். தட்டுக்குப் பூசினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலையைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொல்லுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் இறங்கினார். இரண்டு கையும் பிரேக்கை இறுக்கியது எனக்குத் தெரிந்தது. சைக்கிள் நிற்கவில்லை. "மச்சான், பிரேக்..." என்றார். முன்சக்கரம் மதகுக் கட்டில் மோதியது. அவர் மேலாலே போய் அந்தப் பக்கத்தில் தலை அடிபட விழுந்தார். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது.

ஒரு நிமிடம் அசைவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, "என்ன நடந்த மச்சான்?" என்று கேட்டார். விழுந்திட்டீங்க என்றேன். த்ரீவீலரில் ஏற்றி மடியில் தலையை வைத்துக்கொண்டேன். "என்ன நடந்த மச்சான்?" என்று அதே குரலில் திரும்பவும் கேட்டார். சொன்னேன். இரண்டு நிமிடம் போகவில்லை, மூன்றாம் தரம் கேட்டார். "எப்பிடி விழுந்த?" என்றும் கேட்டார். வாயில் வந்தது, "நாய் ஒண்டு குறுக்க பாஞ்சிட்டு." அவர் சமாதானமானார். பிறகு அதையும் மறந்து திரும்பக் கேட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அந்த நாயை எத்தனை தரம் பாய வைத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. முதலில் வெறும் நாய். பாலாவிச் சந்தியைத் தாண்டும்போது அது மண்ணிற நாயாகிவிட்டது. வாசலில் இறக்கும்போது அதற்கு ஒரு காது கிழிந்திருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு அத்தனை சந்தர்ப்பம் கிடைத்தது. ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்ட மனிதனுக்கு ஒவ்வொரு தரமும் புதிதாகப் பொய் சொன்னேன்.

மூளை குலுங்கியிருக்கிறது, ஹெல்மெட் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்றார் டொக்டர். நாற்பதைக் கழித்த பிள்ளையோடு தங்கச்சி ஓடிவந்தாள். "எந்த நாய், நானா? ஆருட நாய்?" என்று அண்ணனான என்னைக் கேட்டு அழுதாள். நான் கிழிந்த காதைச் சொன்னேன். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொட்டிலுக்குப் போய்ப் பன்னிரண்டு தட்டையும் பெற்றோலால் துடைத்து, எண்ணெய் குடித்த கட்டைகளைக் கழற்றிக் களப்பில் எறிந்தேன். இன்னொருத்தர் விழக்கூடாது என்றுதான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் செய்யும்போது இரண்டு தரம் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

மச்சான் நடந்தார், சாப்பிட்டார், சிரித்தார். ஞாபகம் மட்டும் திரும்பவில்லை. விழுந்த நாளும் அதற்கு முன் இரண்டு மாதமும் துடைத்ததுபோல் போய்விட்டன. புதிதாகக் கேட்பதும் மனதில் தங்கவில்லை. வெயில் பட்டால் தலையிடி, பிள்ளை வீறிட்டால் கோபம், பிறகு அந்தக் கோபத்துக்காக அழுகை. ஆட்களின் பெயரைப் பேனையால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவார், வியர்வையில் அது அழிந்துவிடும். போன முறை வந்த ஒருத்தி ஆசையோடு கையை நீட்ட, இவர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அவள் பெயர் ஞாபகமில்லை. இதெல்லாம் போதாதென்று யார் வந்தாலும், "இந்த மச்சான் தூக்கிக்கொண்டு ஓடல்லாட்டி நான் மவுத்து" என்பார். அந்தப் பேச்சு தொடங்கினால் நான் எழுந்து கொட்டிலுக்குப் போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து மெல்லக் கேட்டார். "மச்சான், புள்ளேட காதுல நான் பாங்கு சென்னனா?" தங்கச்சிக்குத் தெரியாது, அவள் மயக்கத்தில் இருந்தாள். சொன்னீங்க என்றேன். யன்னல், கிப்லா, தொண்டை அடைத்தது, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது, பிள்ளை கண்ணைச் சுருக்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்த கிழமை வந்து, "அந்த யன்னல் கதையச் செல்லுங்க" என்றார். பிறகு எத்தனையோ தரம். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையின் பெரிய சந்தோஷம் என் வாயில் இருந்தது. அதனால்தான் பொய்யும் பூட்டிக்கொண்டது. நாய் பொய் என்று சொன்னால் யன்னல் மட்டும் உண்மையா என்று கேட்பாரே! அவருக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று நாலு வருடம் என்னை நானே ஏய்த்தேன்.

அதற்குள் நாய் அவருடைய சொந்த ஞாபகமாகிவிட்டது. "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, அந்த நாய் மட்டும் கண்ணுக்குள்ள நிக்கிது" என்று கலியாண வீடுகளில் சொல்லுவார். பாய்ந்த பக்கத்தைக் கையால் காட்டுவார். நான் பிரியாணிச் சஹன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

போன மாதம் மருமகள், அந்தப் பிள்ளைதான், கொட்டில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். நாலு வயது. திடீரென்று ஒரு நாய் வீலென்று கத்தியது. போய்ப் பார்த்தால், காது கிழிந்த மண்ணிற நாய் ஒன்று முன்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி ஓடுகிறது. அப்படி ஒரு நாய் எங்கிருந்தோ உண்மையாகவே வந்து சேர்ந்திருக்கிறது. மருமகள் கையில் இன்னொரு கல். "மாமா, வாப்பாவ விழுத்தின நாய்! நான் அடிச்சிட்டன்!" என்றாள் பெருமையோடு. கல்லை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

மச்சான் உள்ளே கதிரையில் இருந்தார். டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். "நாய் பாயல்ல மச்சான். தட்டுக்கு நான் எண்ணெ பூசினன். வேணாமெண்டு நீங்க சொல்லியும் பூசினன்." எல்லாவற்றையும், களப்பில் எறிந்த கட்டை வரை சொன்னேன். அவர் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு கேட்டார்.

"அப்ப, பாங்கு?"

"அல்லாஹ் மேல ஆணையா அது நடந்த மச்சான். நான் பாத்த."

"நாயையும் நீங்கதான் பாத்த."

அவர் துணியைத் திரும்ப டின்னுக்குள் போட்டு மூடினார். வாசலுக்குப் போய் மகளைத் தூக்கிக்கொண்டார். நான் பின்னால் போக எழுந்தேன். "நீங்க இங்கேயே இரிங்க" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வேலிக்கு அப்பால், களப்பைப் பார்த்த பக்கம் போய் நின்றார். கிப்லா எந்தப் பக்கம் என்று இந்தத் தரம் என்னிடம் கேட்கவில்லை. மகளின் வலக்காதில் வாயை வைத்தார். எனக்குக் குரல் கேட்கவில்லை, அவர் முதுகைத்தான் பார்த்தேன். நடுவில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாரா, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாரா, எனக்குத் தெரியாது. "வாப்பா, காது கூசுது!" என்று மருமகள் சிரித்தது மட்டும் கேட்டது. டின் என் கையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் இஞ்சின் மேல் பழைய இடத்திலேயே வைத்தேன்.