தம்பியின் ரஸ்க் டப்பா

எங்கள் தெருவில் ரொட்டி தின்ன வேண்டுமென்றால் நோயாளியாக இருக்க வேண்டும். காய்ச்சலா, பன். வயிற்றுப்போக்கா, பாலில் நனைத்த ரஸ்க். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனாலும் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்குச் சோறுதான். எனக்கோ பாழாய்ப்போன உடம்பு, ஒரு தும்மல்கூட வராது.

தம்பிக்கு அந்தக் கவலையே கிடையாது. ஐந்து வயதில் கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை. எதைத் தின்றாலும் வெளியே போய்விடும். அதனால் அம்மா அவனுக்கு ரொட்டி, பன், ரஸ்க், ராத்திரியானால் கோதுமைக் கஞ்சி என்று ஊட்டிக்கொண்டே இருந்தாள். மதுராந்தகத்தில் மெக்கானிக்காக இருந்த அப்பா, சாயங்காலம் எங்கள் ஊர் படாளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் பேக்கரிப் பொட்டலம் மணக்கும். அது நேராக அலமாரியின் மேல்தட்டில் இருந்த நீல டப்பாவுக்குள் போய்விடும். நான் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் முன்னால் வைத்துக்கொண்டு அந்த டப்பாவையே பார்ப்பேன்.

“இன்னாடி அவன் வாயையே பாத்துகினு கீற? ஒடம்பு சரியில்லாத புள்ளடி அது!” என்பாள் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? சும்மா சொல்லக் கூடாது, அவனை நான் மனதார வெறுத்தேன். ஒருநாள் குழாயடியில் வெகுநேரம் நனைந்து நின்று காய்ச்சலை வரவழைக்கப் பார்த்தேன். வந்தது அடிதான்.

முழுப்பரீட்சை லீவில் சித்திக்குப் பிரசவம் என்று அம்மா செங்கல்பட்டுக்குப் போனாள். ஒரு மாதம் போலத் தங்க வேண்டியிருந்தது. அப்பா காலையிலேயே சோறு வடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். கஞ்சி காய்ச்ச அவருக்குத் தெரியாததால், ராத்திரியும் சேர்த்துத் தம்பிக்கு வேளாவேளைக்கு ரொட்டி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. யாரை நம்பி விட்டுப் போகிறோம் என்று அம்மா கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

“டேய், ஒன் ரஸ்க்கு எனக்கு. என் சோறு ஒனக்கு. நைனா கிட்ட மூச்சு வுட்ட, அவ்ளோதான்” என்றேன் முதல் நாளே.

அழுவான் என்று பார்த்தேன். “கொழம்பு ஊத்துவியா?” என்று கேட்டான்.

தட்டை வழித்து நக்கினான். மறுபடியும் கேட்டான். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. ரஸ்க்கைக் கடித்துக்கொண்டே அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பி வந்த அன்று தம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினான். தூக்கு தூக்கு என்று அழுகிற பையன், ஓடினான்! கன்னத்தில் சதை வைத்திருந்தது. “என் கண்ணே பட்டுடும் போல கீதே” என்று அம்மா அவனைத் தூக்கி முத்தமாகக் கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே டப்பா நிறைய ரஸ்க் வாங்கி வைத்தாள்.

ஆடி பிறப்பதற்குள் அவன் பழையபடி குச்சியாகிவிட்டான். இந்த முறை எழுந்து நிற்கவே முடியவில்லை. இந்தப் புள்ள பொழைக்காது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, செங்கல்பட்டில் ஒரு பெரிய டாக்டரிடம் போனாள்.

“நடுவுல நல்லா இருந்தான்னு சொல்றீங்களே, அப்ப என்ன சாப்பிட்டான்?” என்று கேட்டார் டாக்டர்.

“நான் வூட்ல இல்ல சார். இவதான் ரொட்டி குடுத்தா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “சோறு துன்னான். ரொட்டிய நாந்தான் துன்னேன்” என்றேன். ஓங்கிய அம்மாவின் கையை டாக்டர் தடுத்துவிட்டார்.

சென்னைக்கு அனுப்பி, குடலிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் தன் நாற்காலியில் கிடந்த சொரசொரப்பான பூத்துவாலையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

“சிறுகுடலுக்கு உள்பக்கம் இப்படித்தான்மா. பொடிப்பொடியா நூல் நிக்குது பாருங்க? சாப்பாடு செரிச்சுக் கரைஞ்சு வரும்போது அதுங்கதான் சத்தை உறிஞ்சி ரத்தத்துல விடும். இவனுக்குக் கோதுமை ஆகாது. அது பட்டுப் பட்டு அந்த நூலெல்லாம் மழுங்கிப் போச்சு. நீங்க எவ்வளவு ஊட்டினாலும் சத்து உள்ள ஏற வழியில்ல.”

“கஞ்சி மட்டுந்தான சார் கோதும?”

“ரொட்டி, பன்னு, ரஸ்க்கு எல்லாமே கோதுமைதான்மா. மைதா அதுலேருந்துதான் வருது. நிறுத்திட்டா நூல் திரும்ப வளரும். சோறு போடுங்க.”

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நீல டப்பாவை இறக்கி என் கையில் திணித்தாள். “இந்தா, எல்லாம் ஒனக்குத்தான். அவன் கண்ல காட்டாத.”

பின்கட்டுக்கு ஓடினேன். இரண்டாவது ரஸ்க்கைக் கடிக்கும்போது அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். தம்பிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த அம்மா, சோறு ஒட்டிய தன் கையையே பார்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஒரு டப்பா ரஸ்க் எனக்கு வந்துவிட்டதற்கா இந்த அழுகை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மிச்சம் இருந்ததையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்த்தேன்.