வடக்கு மூலைச் சேறு

உள்நாட்டுச் சண்டை முடிந்து நாலைந்து வருடங்களுக்குப் பிறகு, முந்தலுக்கு அப்பால் கைவிடப்பட்ட ஓர் இறால் பண்ணையில் உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்களை நடும் குழுவுக்கு நான் லீடராக இருந்தேன். என்னைத் தவிர ஏழு பேர். ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். இறாலுக்கு நோய் வந்ததும் பண்ணைக்காரர் குளங்களை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தக் குளங்களில் கண்டலை வளர்த்தெடுப்பதுதான் எங்கள் திட்டம்.

லீடர் வேலை என்றால் அதட்டுவது என்று முதலில் நினைத்திருந்தேன். போகப்போகத்தான் தெரிந்தது. விடியும் முன்பே, நடுவதற்கான நீண்ட கண்டல் காய்களை ஈரச் சாக்கால் மூட வேண்டும். யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரைச் சேற்றில் நிற்க விடக்கூடாது. வரம்பில் ஏறியதும் ஆட்களை எண்ண வேண்டும். புது இடத்தில் முதலில் இறங்குவது லீடர். அதை நானே வைத்த சட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று நடுவதற்கு வடக்கு மூலை மட்டும் மிச்சம். மறுநாள் கொழும்பிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் முடித்துவிடுங்கள் என்று திட்டத்து அதிகாரி முந்தின நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குழுவில் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா முறையில் ராத்தா என்பாள். கடலோரக் களப்பில் மட்டி பொறுக்கியே வளர்ந்தவள். மூலைக்குப் போனதும் கையிலிருந்த கம்பைச் சேற்றில் குத்தினாள். கம்பு பாதிக்கு மேல் போய்விட்டது.

“ராத்தா, இது ஆளைப் பிடிக்கிற சேறு. மேல தோல் மட்டும்தான் காய்ஞ்சிருக்கு.”

“நேத்து சேர் நடந்து பாத்துட்டுத்தான் போனவர். ஒண்டுமில்ல, வாங்க” என்றேன்.

அது பொய். அதிகாரி வரம்பை விட்டு இறங்கவே இல்லை. அந்தப் பொய்யை ஏன் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். மறுநாள் வரும் ஆட்களுக்கு முன்னால் ஒரு மூலை வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

மூன்றாவது அடியில் முழங்கால் வரை போனேன். நாலாவது அடியில் இடுப்பு. பின்னுக்கு வாங்கப் பார்த்தேன். ஒரு காலை உயர்த்த மற்றக் கால் இன்னும் கீழே போனது. சேறு குளிர்ந்திருந்தது. கீழே யாரோ இரண்டு கணுக்காலையும் கையால் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

எல்லோரும் கத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்கள்.

“ஒருத்தரும் இறங்காதீங்க! வரம்புல நில்லுங்க. எண்ணுங்க!”

ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணினார்கள். அன்று லீடராக நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

நுரைச்சோலையிலிருந்து வந்த நெட்டையான ஒருவர், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர், வரிசை பிடிக்கும் கயிற்றை எறிந்தார். கக்கத்தில் கட்டிக்கொண்டேன். அவர் இழுத்த இழுப்பில் இடுப்பு மூட்டு பிரிவது போல வலித்தது. கால்கள் அசையவில்லை. குறிஞ்சிப்பிட்டிக்காரி அவர் கையில் அடித்தாள்.

“விடுங்க நானா! கால் கழண்டுதான் வரும், ஆள் வராது.”

அப்போதுதான் எனக்கு வாய்க்கால் ஞாபகம் வந்தது. பக்கத்தில் இன்னும் இறால் வளர்க்கும் ஒரு பண்ணை இருந்தது. பகல் பதினொரு மணியளவில் அவர்கள் வாய்க்காலின் மதகுக் கதவைத் திறந்து பழைய தண்ணீரை வெளியே விடுவார்கள். அந்தத் தண்ணீர் உடைந்த வரம்பு வழியாக இந்த மூலைக்குத்தான் வரும். எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன பிரயோசனம்?

“ஓடிப் போய்க் கதவைத் தொறக்க வேணாமெண்டு சொல்லுங்க!” என்று கத்தினேன். ஒரு பெண் ஓடினாள்.

மற்றவர்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காய்ந்த தென்னோலைகளை மட்டையோடு இழுத்து வந்து சேற்றின் மேல் பரப்பினார்கள். குறிஞ்சிப்பிட்டிக்காரி அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து என்னருகே வந்தாள். என் தொடையோடு ஒட்டிக் கையை இறக்கிப் பார்த்தாள். சேறு அவள் தோள் வரை வந்தது.

“கதவை மறிக்கச் சொன்னது சரியில்ல ராத்தா. எங்களுக்குத் தண்ணி வேணும்.”

“உங்களுக்கு என்ன, விசரா?”

“தண்ணி உள்ள போனாத்தான் இந்தச் சேறு கையை விடும். காய்ஞ்சு கிடந்தா விடாது.”

என்னிடம் கேட்காமலே, கழுத்தில் கிடந்த லேஞ்சித் துணியை ஒரு கையால் அவிழ்த்துக்கொண்டு நெட்டை நானாவைக் கூப்பிட்டாள். “நானா, நீங்க போங்க. அரைவாசி தொறக்கச் சொல்லுங்க. நான் லேஞ்சிய ஆட்டினா உடனே மூடணும். நீங்க அங்கயே நில்லுங்க.”

அந்தப் பண்ணைக் காவலாளி சிலாபம் பக்கத்துச் சிங்கள மனிதர். எங்களைக் கண்டாலே ஏசுவார். கண்டல் வளர்ந்தால் தங்கள் வாய்க்கால் அடைபடும் என்பது அவர் பயம். முதலில் திறக்காதே என்று ஒருத்தி வந்தாள், பிறகு திற என்று ஒருவர் வந்தார், பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தாராம். தானே வரம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் கதவைத் திறக்கத் திரும்பி ஓடினார்.

தண்ணீர் வந்தது. வெதுவெதுப்பாக, இறால் தீன் நாற்றத்தோடு. வயிறு வரை ஏறியது, பிறகு நெஞ்சு வரை.

“காலை இழுக்காதீங்க. விரலை மட்டும் ஆட்டுங்க” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அடிக்கடி தண்ணீருக்குள் தலை முங்கி எழுந்து, என் காலோரமாகக் கீழே கீழே கையை விட்டுக் குழி பறித்தாள்.

மௌத்தை, என் சாவை, நான் நினைக்கவில்லை. என் கணவர் அப்போது மன்னாரில் இருந்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை அங்கிருந்து வெளியேற்றியபோது விட்டு வந்த எங்கள் காணி காடு பற்றிக் கிடந்தது. அதைத் துப்புரவாக்கப் போயிருந்தார். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில். அங்கே போவதா, இங்கே இருப்பதா என்று இரண்டு வருடமாக முடிவெடுக்காமல் இருந்தேன். மத்தியானம் அவர் எனக்குப் போன் எடுப்பார். மடியில் இருந்த போன் நனைந்துவிட்டதே, பதில் இல்லாவிட்டால் என்ன நினைப்பார் என்பதுதான் எனக்கு ஓடியது.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

“இப்ப மூடச் சொல்லுங்க.”

“இன்னும் கொஞ்சம்.”

“நான் சொல்றன், லேஞ்சிய ஆட்டுங்க!”

“ஏலாது ராத்தா. விரலை ஆட்டுங்க.”

அந்தக் குழுவில் அதுவரை யாரும் என்னிடம் அப்படி மறுத்ததில்லை. நான் அழத் தொடங்கினேன். அழுதுகொண்டே விரலை ஆட்டினேன். தாடையில் தண்ணீர் பட்டபோது வலது கால் ஒரு சத்தத்தோடு கழன்றது. அவள் தலையை உயர்த்தி லேஞ்சியை ஆட்டினாள். இடது காலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு என்னை மல்லாக்கச் சாய்த்து, ஓலைகளுக்கு மேலாகக் கயிற்றால் இழுத்து வரம்பில் போட்டார்கள்.

காவலாளி ஒரு போத்தல் நிறையப் பிளேன்டீ கொண்டு வந்தார். குறிஞ்சிப்பிட்டிக்காரி கோப்பையைப் பிடித்து எனக்குக் குடிக்க வைத்தாள்.

“நேத்து சேர் இறங்கல்ல. நான் பொய் சொன்னன்” என்றேன், எல்லோருக்கும் கேட்க.

“தெரியும் ராத்தா. வேனுக்கு ஏறக்குள்ள அவர்ட சப்பாத்து காய்ஞ்சுதான் இருந்திச்சி.”

“பிறகு ஏன் ஒண்டும் சொல்லல்ல?”

“சேறு பிடிக்குமெண்டு சொன்னன்தானே. நீங்க இறங்கிட்டீங்க.”

மறுநாள் கொழும்பு ஆட்கள் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்து, வரைபடத்தில் மூலை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். உண்மையாகவே கவலைப்பட்டார். ஆனாலும் மேலிடத்துக்கு ஏதாவது காட்ட வேண்டும் என்றார். ஆகவே வரம்பில் நின்று கண்டல் காய்களை ஈட்டி போல எறிந்தோம். சில குத்தி நின்றன, பல சரிந்தன.

அதன் பிறகு என்னால் சேற்றில் கால் வைக்க முடியவில்லை. கணுக்கால் நனைந்தாலே மூச்சு அடைக்கும். புது இடங்களில் குறிஞ்சிப்பிட்டிக்காரி முதலில் இறங்குவாள், நான் வரம்பில் நின்று பெயர் எழுதுவேன். ஒருமுறை புதிதாக மாறி வந்த அதிகாரி, “நீங்க இறங்க மாட்டீங்களா?” என்று கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. கீழே இருந்து அவள்தான் பதில் சொன்னாள்.

“லீடர் இறங்கினா வரிசை கோணிப் போகும் சேர். மேல நிண்டுதான் பாக்கணும்.”

யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில், பொறுப்பை அவளுக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அறிக்கை சிங்களத்தில் எழுத வேண்டும், அவளுக்கு எழுதத் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வேலையை விட்டுவிட்டு மன்னாருக்குப் போகவும் முடியவில்லை. காணியில் பாதி இப்போது வன இலாகாவுக்குச் சொந்தம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். இன்னும் மூன்று வருடம் அவள் சொல்வதைக் கேட்டு நான் கட்டளையிட்டேன். ஏழு பேரும் இறங்கும்வரை காத்திருந்து, அவர்கள் திரும்பி ஏறியதும் ஒவ்வொருவராக எண்ணினேன்.