பான்கௌடி என்றொரு ரோந்துக் கப்பல்

போன வாரம் லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடிக்காக நின்றிருந்தேன். காப்பி வாசனையை மீறிக்கொண்டு இன்னொரு வாசனை வந்தது. பக்கத்துச் சந்தில் பூஜைப் பந்தலுக்காகச் சூடான கம்பியால் தெர்மோகோல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர, நான் மட்டும் நின்று நன்றாக இழுத்து முகர்ந்தேன். உங்களுக்கு அது கருகல் நாற்றம். எனக்கு அது நான் கட்டிய விண்கப்பலின் வாசனை.

விண்கப்பல்தான். சிரிக்காமல் கேளுங்கள்.

பல வருஷங்களுக்கு முன் ஜாதவ்பூரில், ஒரு பழைய வீட்டு மாடியில் இருந்த கணினி விளையாட்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மொத்தம் ஏழு பேர். கீழ்வீட்டில் கடுகெண்ணெயில் மீன் பொரித்தால் மேலே எங்கள் அண்டவெளி முழுவதும் மணக்கும். எல்லைக் கிரகங்கள், கடத்தல்காரர்கள், சரக்குக் கப்பல் கூட்டங்கள் என்று அந்த அண்டவெளியையே கற்பனை செய்தவர் அனிர்பன்தா. அங்கே மூத்த ஆண்கள் எல்லோரும் அண்ணன்தான். பெயரோடு ஒரு 'தா' ஒட்டிக்கொள்ளும்; பெண்கள் அக்கா, அதாவது 'திதி'. பெரிய போர்க்கப்பல்களை ஓவியர் சுபீர்தா எடுத்துக்கொண்டார். மிஞ்சியது, எல்லையைச் சுற்றிவரும் நான்கு பேர் செல்லும் ரோந்துக் கப்பல்.

"சின்னதுதானே, நீயே பண்ணிடு," என்றார் சுபீர்தா. அலுவலகத்தில் பேச்செல்லாம் வங்காளம். என் நினைவில் ஏனோ அது தமிழாகவே பதிந்திருக்கிறது.

என் முதல் வரைபடத்தை நினைத்தால் இன்றும் கூச்சம். ஊசி மூக்கு, ஆறு பீரங்கி. அந்த நான்கு பேர் எங்கே படுப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த ஞாயிறு, ஹௌராவில் இருந்த சித்தி வீட்டுக்குப் போகப் படித்துறையில் படகுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு ரோந்துப் படகு கட்டியிருந்தது. கைப்பிடிக் கம்பியில் பனியன்கள் காய்ந்தன. காவலர் ஒருவர் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "இந்தப் படகுல துப்பாக்கி எங்கே இருக்கும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எதுக்கு திதி? தண்ணியில விழுந்தவனைத் தூக்கறதும், நின்னுபோன படகை இழுத்துட்டு வர்றதுமே சரியா இருக்கு. விளக்கும் கயிறும் நல்லா இருக்கணும். அப்புறம் அடுப்பு."

சித்தி வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

அன்று மாலையே பெஹாலாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கப்பலின் மாதிரிக்காகத் தெர்மோகோல் அறுக்க ஆரம்பித்தேன். முன்னால் பெரிய மஞ்சள் விளக்கு, பின்னால் இழுவைக் கொக்கி, பக்கவாட்டில் அடிபட்டவர்களை உள்ளே ஏற்ற அகலமான கதவு, நடுவில் அடுப்படி. பீரங்கி இரண்டாகக் குறைந்தது. குளத்தில் முங்கி எழும் பான்கௌடிப் பறவையின் பெயரை வைத்தேன்.

"நம்ம நீர்க்காகம்தானே? வேற நல்ல பேரே கிடைக்கலையாடி?" என்றாள் அம்மா. பிறகு மாதிரியைத் திருப்பிப் பார்த்தாள். "அடுப்புக்கு மேல புகை போக வழி வெச்சியா?"

வைக்கவில்லை. அப்புறம் வைத்தேன்.

சுபீர்தா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இது கப்பலா, பூசணிக்காயா? ரெண்டு பீரங்கியை வெச்சு யாரைச் சுடறது?"

"சுடறதுக்கு இல்லே சுபீர்தா, போய்க் கூட்டிட்டு வர்றதுக்கு," என்று சொல்லிவிட்டேன். வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை.

அவர் ஒரே மத்தியானத்தில் தன் பங்குக்கு ஒரு ஊசிக் கப்பலை வரைந்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "ரெண்டையும் பரீட்சை ஆட்டத்துல விடுவோம். ஆடறவங்க எதை எடுக்கறாங்களோ அதுதான்," என்று அனிர்பன்தா முடித்துவிட்டார்.

பரீட்சைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் ஊசியில்தான் பறந்தார்கள். என் பூசணிக்காயை ஒருவர்கூடத் தொடவில்லை. டீ குடிப்பதுபோல வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது, ஒரு பெண்ணின் கப்பல் எரிபொருள் தீர்ந்து எல்லைக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்தது. "இப்போ நான் என்ன பண்றது?" என்று கேட்டாள். விளையாட்டில் அங்கே எரிபொருள் கிடைக்க நாங்கள் வழியே வைத்திருக்கவில்லை. பக்கத்து மேஜைப் பையன் பான்கௌடியை எடுத்துக்கொண்டு போனான். கொக்கியை வீசினான். மெதுவாக இழுத்துக்கொண்டு துறைமுகம் சேர்த்தான். அந்த அறையே கைதட்டியது. சாயங்காலத்துக்குள் எல்லைப்பக்கமெல்லாம் பூசணிக்காய்கள்தான்.

சுபீர்தா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "அந்த ரெண்டு பீரங்கி மட்டும் எதுக்கு?" என்றார்.

அதன்பின் எத்தனையோ பெரிய வேலைகள் பார்த்துவிட்டேன். அந்தப் பெருமை மறுபடி வரவில்லை. விளையாட்டு வெளிவந்த பின் முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ எழுதுவார்கள்: எஞ்சின் நின்றுபோய்த் தனியாகக் கிடந்தேன், தூரத்தில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்ததும் உயிர் வந்தது என்று. அதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் அடுப்பைப் பற்றி யாராவது எழுதினார்களா என்று கேட்பாள்.

சில வருஷங்களில் நிறுவனம் கலைந்தது. அந்த வீட்டையும் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். விளையாட்டின் சர்வரை ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அணைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வடிவமைத்த கப்பலை நான் ஓட்டியதே இல்லை. எனக்கு விளையாட வராது. சர்வரை அணைத்த அன்றுதான் முதல்முறை ஏறினேன். பத்து நிமிஷத்தில் ஒரு பாறையில் மோதி எஞ்சினை நிறுத்திவிட்டேன். திரையில் ஒரு வரி வந்தது. "புதுசா? பயப்படாதீங்க, வந்துட்டு இருக்கேன்."

மஞ்சள் விளக்கோடு ஒரு பான்கௌடி வந்தது. நான் யார் என்று சொல்லவில்லை. கொக்கி மாட்டியது, கயிறு விறைத்தது, இருவரும் நகர ஆரம்பித்தோம். துறைமுகம் தெரிவதற்குள் பன்னிரண்டு அடித்துத் திரை இருண்டது. அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லியிருக்கவில்லை.