மண்ணூரில் தானாக ஏறிய சைக்கிள் சீட்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவியின் தம்பி சேகர், சீட்டை விற்க நினைத்த முருகவேல், அவர் குடியிருக்கும் வரிசை வீட்டுக்குச் சொந்தக்காரரான கன்னியம்மா. நைட் ஷிஃப்ட் முடிந்து கதவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களை நான் எண்ணவில்லை. எண்ணவும் முடியாது.

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை ஒன்பதரைக்குப் படப்பையிலிருந்து சேகரின் சின்ன லோடு வண்டியில் கிளம்பினோம். பின்னால் என் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று போகிற வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

எதற்காகப் போனோம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். ஒரகடத்தில், ஏற்றுமதிச் சரக்குக்கு மரப்பெட்டி அடிக்கும் கம்பெனியில் வேலை. பெட்டி சரிந்து இடது கணுக்காலில் விழுந்ததில் உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். கியர் வைத்த, தடித்த டயர் மலைச் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். மிதிக்கும் நேரத்தில் மட்டும்தான் என் தலைக்குள் பேச்சு நிற்கும். ஆனால் சீட் சரியான உயரத்தில் இருந்தால் நிற்கும்போது கால் தரையில் ஊன்றவில்லை. ஒரு நாள் ஒரகடம் சிக்னலில் அப்படியே சாய்ந்தேன். கண்டெய்னர் லாரியின் டயர் என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. சீட்டை இறக்கி வைத்தாலோ முட்டி வீங்குகிறது. "சைக்கிளை வித்துடு, இல்லன்னா நானே பழைய இரும்புக்குப் போடறேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

இதற்கு ஒரு சாமான் இருக்கிறது. சீட்டைத் தாங்கும் கம்பி. ஹேண்டில்பாரில் ஒரு பொத்தான். உட்கார்ந்தபடி அமுக்கினால் சீட் இறங்கும். எழுந்து அமுக்கினால் ஏறும். மலைச்சரிவில் இறங்குகிறவர்களுக்காகச் செய்தது. ஒயர் உள்ளது மலிவு, ஆனால் என் சைக்கிள் குழாயில் ஒயர் நுழைய ஓட்டை இல்லை. ஒயர் இல்லாமல் பேட்டரியில் வேலை செய்வது புதிதாக வாங்கினால் அறுபதாயிரத்துக்கு மேல். முருகவேல் தன்னிடம் இருந்த பழையதைப் பதினெட்டாயிரத்துக்குத் தருவதாகப் போனில் சொல்லியிருந்தார்.

"பதினெட்டாயிரமா?" என்றான் சேகர். "அந்தக் காசுக்கு தெனம் சிக்னலாண்ட வந்து நானே ஒன்னத் தூக்கி எறக்கி வுடறேன் மாமா. சாப்பாடு மட்டும் போட்டுடு."

மணிமங்கலத்தில் டீ குடித்தோம், ஒன்று பதினைந்து ரூபாய். அதைத் தாண்டி ஏரிக்கரை, பிறகு மனை போட்ட நிலங்கள். கல் நட்டு, வளைவு கட்டி, தெருவுக்குப் பெயர்ப்பலகையும் வைத்திருக்கிறார்கள். ஒரு வீடுகூட இல்லை. ஒரு தெருவில் விளக்கு மட்டும் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வந்தபோது மணி பத்தரை இருக்கும். வேலிக்கு உள்ளே புதுக் கார்கள் வரிசை வரிசையாக நின்றன, கண்ணுக்கெட்டின தூரம் வரை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, சீட்டுகளில் வெள்ளைப் பிளாஸ்டிக் உறை. உறைகள் உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தன. ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை. ஏதோ ஒரு காரில் இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்தது.

"பேட்டரி லூசா கீது" என்றான் சேகர். வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினான்.

மண்ணூர் போய்ச் சேரப் பதினொன்று ஆகிவிட்டது. பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி, சிமெண்ட் ஷீட் போட்ட எட்டு அறைகள் ஒரே வரிசையில். நடுப்பகல் நெருங்கும் வெயிலில் ஒரு சத்தம் இல்லை. கதவுக்கு வெளியே கம்பெனி பூட்ஸ்கள் ஜோடி ஜோடியாக. சேகர் ஹாரன் அடிக்கப் போக, ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். குள்ளமாக, முப்பது வயதுக்குள் இருப்பார். அவர்தான் முருகவேல். திருநெல்வேலிப் பக்கம்.

"மெல்லப் பேசுங்கண்ணே. நைட் ஆளுக தூங்குதாவ."

சில கதவுகளில் வெளியே பூட்டு தொங்கியது. அதற்குள்ளும் ஆள் உண்டாம். ஒருவர் பகல் ஷிஃப்டுக்குப் போகும்போது, உள்ளே தூங்குகிறவரை யாரும் தட்டி எழுப்பாமலிருக்க வெளியே பூட்டிவிட்டு, சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போவார்களாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தீ பிடித்தால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன்.

"மாமா, சீட்டப் பாரு" என்றான் சேகர்.

அந்த சீட் மாட்டியிருந்த சைக்கிள் இரண்டு பேருடையது. முருகவேலும், அவர் ஊர்க்காரர் இசக்கிமுத்துவும் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கினது. ஞாயிற்றுக்கிழமை கல்குவாரி மேட்டில் ஓட்டுவார்கள். மற்ற நாளில் ஒருவர் ஷிஃப்ட் முடிந்து கொண்டுவர, அடுத்தவர் எடுத்துக்கொண்டு போவார். இசக்கிமுத்து ஆறடி. அதனால்தான் அமுக்கினால் ஏறி இறங்கும் சீட்.

"அவர் இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"காண்ட்ராக்ட் முடிஞ்சிட்டுண்ணே. ஊருக்குப் போய்ட்டான். போன் எடுக்க மாட்டேங்கான். அவன் பங்க அனுப்பிருவேன்."

உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். சீட் மெதுவாக, மூச்சு விடுகிற சத்தத்தோடு கீழே போனது. இரண்டு காலும் தரையில் ஊன்றின. எவ்வளவு நாளாயிற்று. வாங்கிவிடலாம் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். இறங்கிச் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, விலை பேசத் திரும்பினேன்.

பின்னால் அதே மூச்சுச் சத்தம். சீட் ஏறிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பார் பக்கம் யாரும் இல்லை. கம்பியின் தலையில் பச்சை விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்தது.

"பொத்தான் மாட்டிக்கிச்சி போல" என்றார் முருகவேல். உட்கார்ந்து இறக்கினார். எழுந்து நாலு அடி வைப்பதற்குள் மறுபடி ஏறியது, ஆறடி ஆளுக்கு வேண்டிய உயரத்துக்கு.

நான் பயந்தவன்தான். ஆனால் பயந்தவனுக்குத்தான் இந்த மாதிரி யோசனை வரும். சீட்டை ஒரு தடவை இறக்கிவிட்டுப் பொத்தானுக்குள் இருந்த வட்டப் பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மூன்று பேரும் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கேயோ ஒரு மின்விசிறி கடகடத்தது.

சீட் ஏறியது.

"நான் வண்டியில கீறேன்" என்று சொல்லிவிட்டுச் சேகர் நகர்ந்தான். ஆனால் போகவில்லை, என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

முருகவேல் சைக்கிளை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "பொத்தான் ரெண்டு உண்டுண்ணே. இன்னொண்ணு அவன் சாவிக்கொத்துல கெடக்கும்."

"எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்யும்?"

"பத்து எட்டு வைக்கிற தூரம் இருக்கும். அதுக்கு மேல எடுக்காது." சொல்லிவிட்டுத்தான் அவருக்கே விளங்கியது. அறைகளின் வரிசையைப் பார்த்தார். எங்களுக்கு நேர் எதிரே பூட்டு தொங்கிய கதவு, வெளியே பூட்ஸ் இல்லை.

குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்தார். ஐம்பது வயது, வாயில் வெற்றிலை. "இன்னாடா பேய் கண்ட மாரி நிக்கற? அவன் ஊருக்கு எங்க போனான்? அந்த மூணாம் ரூம்லதான் கீறான். பசங்க காலைல பூட்டிக்கினு போறாங்க, சாயந்திரம் சோறு வாங்கியாந்து தொறக்கறாங்க. ஒனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"பூட்டிக் கெடந்திச்சேக்கா."

"பூட்டிக் கெடந்தா ஆள் இல்லன்னு அர்த்தமா? நீயே எத்தினி நாளு பூட்டுக்குள்ள தூங்கிக்கீற."

முருகவேல் ஜன்னல் கிட்டே போனார். உள்ளே போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தது. "எலேய் இசக்கி" என்றார், மெல்லத்தான். போர்வைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"விக்கதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"போன எடுத்தாத்தான கேக்க. ஏம்லே ஊருக்குப் போகல?"

"தங்கச்சிக்குப் பேசி முடிச்சிருக்காவ. மாப்ளை வீட்டுல அண்ணன் கார் கம்பெனில இருக்கான்னு சொல்லியாச்சு. வேல போச்சின்னு போய் நிக்கவா சொல்லுத?"

வெயிலில் அந்தக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பது என்னவோபோல இருந்தது. எனக்கு அந்த சீட் வேண்டும். ஆனால் இன்னொரு பொத்தான் யாரிடமோ இருக்க, நான் அதில் ஏறி லாரிகளுக்கு நடுவே போக முடியாது. அவருக்கு மனசில்லாமல் வாங்கவும் கூடாது. ஜன்னலுக்குப் போய் என் பெயரைச் சொன்னேன். கணுக்கால், சிக்னல், லாரி டயர் எல்லாம் சொன்னேன். "வேண்டாம்னா வேண்டாம் தம்பி. போய்டறோம்" என்றேன்.

போர்வை கொஞ்சம் விலகியது. இரண்டு விரல்கள் ஒரு கறுப்புப் பொத்தானை ஜன்னல் கட்டையில் வைத்துத் தள்ளின. நகம் வளர்ந்திருந்தது. முகம் தெரியவில்லை.

முருகவேலுக்கு ஒன்பதாயிரத்தைப் போனில் அனுப்பினேன். மீதி ஒன்பதாயிரம் ரொக்கமாகக் கையில் இருந்தது. ஜன்னல் கட்டையில் வைத்தேன். அந்த விரல்கள் திருப்பித் தள்ளின.

"வேண்டாம்ணே. கைல துட்டு இருந்தா இன்னைக்கே ஊருக்கு பஸ் ஏறிருவேன். வேற வேல கெடைக்குத வரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

என் நம்பரை ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டேன். முருகவேல் கம்பியைக் கழற்றி என் சைக்கிளில் மாட்டிக் கொடுத்தார். என் பழைய கம்பியை அவர்கள் சைக்கிளுக்கு வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அவர் அந்த ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது ஒரகடம் வழியாக வந்தோம். சிக்னலுக்கு முன்னால் சேகரை நிறுத்தச் சொல்லி, சைக்கிளை இறக்கி ஓட்டிப் போனேன். சிவப்பு விழுந்தது. அமுக்கினேன், இறங்கியது. இரண்டு கால்களையும் ஊன்றி, கண்டெய்னர் லாரி பக்கத்தில் நின்றேன். சைக்கிள் சாயவில்லை.

இப்போது தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். மனைவி இரும்புக்கடைப் பேச்சை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் ஆள் உள்ளே இருக்கும்போது யாரும் வெளியே பூட்டுவதில்லை. அவள் சும்மா தாழ்ப்பாளைத் தொட்டாலே நான் எழுந்து உட்காருகிறேன். போன் அடிக்கும்போதெல்லாம் இசக்கிமுத்துவாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவேளை வேலை கிடைத்துவிட்டதோ, ஒருவேளை நம்பர் எழுதின தாள் தொலைந்துவிட்டதோ. பணத்தைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். அவருக்கு நான் தர வேண்டியது ஒன்பதாயிரம் ரூபாய்.