பழுப்புக்கால் ஆலாவைக் கண்டுபிடித்தவர்

செத்த பறவையை உயிரோடு இருப்பதுபோல் நிற்க வைப்பதுதான் அருங்காட்சியகத்தில் அவருக்கு வேலை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் பஞ்சைத் திணிப்பார், கண்ணாடிக் கண் பதிப்பார், கம்பியில் நிறுத்துவார். பறவை காய்ந்தால் காலும் அலகும் வெளுத்துப்போகும். அவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பதும் அவரே. கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை யார் கேட்டார்கள்? ஊருக்கு அவர் "ஆலாக்காரர்".

அந்தக் கடற்கரையில் ஆலா என்றால் தலையில் கருப்புத் தொப்பி போட்ட, கைக்கு அடக்கமான வெள்ளைப் பறவை. அதில் இரண்டு இனம், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றுக்கு மஞ்சள் கால், மற்றதற்குப் பழுப்புக் கால். மஞ்சள்கால் அங்கே கொசுவைப்போல மலிவு. பழுப்புக்கால் அந்தப் பக்கம் தலைகாட்டியதே இல்லை என்று பெரிய புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன, நம்மவர் அதைக் கண்டுபிடிக்கும்வரை.

கண்டுபிடித்த அழகைக் கேளுங்கள். கரையில் ஒதுங்கி, வெயிலில் காய்ந்து, கால் சாம்பலாகிப்போன ஓர் ஆலா அவர் மேசைக்கு வந்தது. வழக்கமான சரக்குதான் என்று பாடம் செய்து முடித்து மஞ்சள் டப்பாவைத் திறந்தால், பெயிண்ட் கட்டிதட்டிக் கிடந்தது. மேலதிகாரி பார்வையிட வரும் நேரம். கதவுக்கு அடித்து மிஞ்சிய பழுப்பு பக்கத்தில் இருந்தது. இரண்டு காலுக்கும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "அட, இது பழுப்புக்கால் ஆச்சே! எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?"

"பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு சார்" என்றார் இவர், கண்ணை இமைக்காமல்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளைத் தகடு வந்துவிட்டது. "இக்கரையில் முதலில் கண்டறிந்தவர்" என்று அவர் பெயர். அன்றிலிருந்து மனிதருக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும் காபி ஆறுவதற்குள் பேச்சு கால் நிறத்துக்கு வந்துவிடும். சம்பந்தி வீட்டார் மொத்தமும் பெட்டிக்கு முன்னால் நின்று, "ஆமாங்க, நல்லாவே தெரியுது" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். தினமும் காலையில் பெட்டியைத் திறந்து தானே துடைப்பார். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

மச்சினன் ஒருவன்தான் அடங்கவில்லை. "மாமா, உங்க வீட்டு நாற்காலிக்கும் பழுப்புக் கால்தானே? அதையும் கண்ணாடிப் பெட்டியில வெச்சிடலாமா?" என்பான். அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சில வருடங்கள் கழித்து, ஆலாக்களுக்காகவே படித்துப் பட்டம் வாங்கிய ஓர் அம்மையார் இந்தப் பழுப்புக்காலைப் பார்க்க வந்தார். அதிகாரியும் இவரும் கூடவே நின்றார்கள். அம்மையார் பறவையை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "கால்ல பெயிண்ட் இருக்கே?" என்றார்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் இவர். வேலை போகும், ஓய்வூதியம் போகும், சம்பந்தி வீட்டில் சிரிப்பார்கள். மறுகணம் மடை திறந்தாற்போல் உளறிக் கொட்டினார்.

"மன்னிச்சிடுங்க மேடம்! மஞ்சள் தீந்துபோச்சு, கதவுக்கு அடிச்சதை அடிச்சிட்டேன். இது சாதாரண மஞ்சக்கால்தான். சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது!"

அம்மையார் அவரை வேடிக்கையாகப் பார்த்தார். "எதுக்குப் பதறுறீங்க? பாடம் பண்ணா காலுக்குப் பெயிண்ட் அடிக்கிறது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். காஞ்ச காலை யாரு பாக்குறா? நெத்தியப் பாருங்க. மஞ்சக்காலுக்கு வெள்ளை கண்ணுக்கு மேலயும் ஓடும். இதுக்குக் கண்ணு கிட்டயே நின்னுடுச்சு. இது அசல் பழுப்புக்கால்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் விழுந்த பழத்தைக் காக்கையே கொத்தித் தூக்கி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டது. இத்தனை வருடம் பொய் சொல்லிச் செழித்த மனிதர், ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிக் கெட்டார்.

"அப்போ முதல்ல கண்டுபிடிச்சது மேடம்தான். தகட்டை மாத்திடுங்க" என்றார் அதிகாரி.

"சார், பறவை அதே பறவைதானே?"

"பறவை அதேதான்யா. ஒண்ணுமே தெரியாதுன்னு சத்தியம் பண்ணது நீங்கதானே!"

பெட்டி அவர் பொறுப்பு. ஆகவே திருகாணியைக் கழற்றித் தன் பெயரை எடுத்ததும் அவரே, அம்மையார் பெயரைப் பொருத்தியதும் அவரே. பழைய தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார்.

மனைவி தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தவளை தன் வாயால் கெடும் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இத்தனை வருஷமா தினம் பெட்டியைத் திறந்து தொடச்சீங்களே. ஒருநாள்கூடவா அதோட நெத்தி கண்ணுல படல?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பழுப்புக்கால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் தகட்டைத்தானே தொடச்சேன்" என்றார்.