கடலில் கயிறு இல்லை

தனகோட்டிக்கு அன்புச்செல்வன் மேல் இருக்கிற கோபம் வருஷங்கள் போயும் ஆறவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் பெல்ட்டுக்கு அடியில் மண்வெட்டியோடு குனியும்போதெல்லாம் அந்தக் கோபமும் கூடவே குனிகிறது.

"ரெண்டு பேர் செய்யிற வேலையில ஒருத்தன் பாதியில போட்டுட்டுப் போனா அவனுக்குப் பேரு இன்னா?" என்று வீட்டில் கேட்பான்.

"புத்திசாலி" என்பாள் அவன் பெண்டாட்டி சாமியம்மாள். அத்தோடு பேச்சு நின்றுவிடும். சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் அன்புச்செல்வனுடைய சுரங்கத்து கேட் பாஸ் இன்னும் தொங்குகிறது. சாமியம்மாள் ஒட்டடை அடிக்கிறபோது அதையும் ஒரு தட்டுத் தட்டி மாட்டிவிடுவாள்.

வேலை பெரிய வேலை இல்லை. மிஷின் வெட்டிப் போடுகிற மண்ணும் கரியும் பெல்ட்டில் ஏறி மேலே போகும். பெல்ட் பகலிலும் ஓடும், ராத்திரியிலும் ஓடும். ஓடுகிற பெல்ட்டிலிருந்து மண் சிந்தும். சிந்தினதை வாரிப்போடுவது கான்ட்ராக்ட் ஆள் வேலை. ஒரு கோடியிலிருந்து வாரிக்கொண்டே மறு கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், வாரின இடத்தில் மறுபடியும் மண் கிடக்கும். ஐப்பசி மழையில் அது களியாகி மண்வெட்டியை விடாது, பூட்ஸையும் விடாது.

பெல்ட் ஓரமாக இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு நெடுகப் போகும். ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும். காரணமில்லாமல் இழுத்தவன் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பான். தனகோட்டி இழுத்தது ஒரே ஒரு தடவை, அன்புச்செல்வனின் சட்டை பெல்ட்டை உருட்டுகிற ரோலரில் மாட்டிய அன்றைக்கு. சட்டை போயிற்று, ஆள் மிஞ்சினான். அதற்கப்புறம் ஒருவன் குனிந்தால் மற்றவன் கயிற்றுப் பக்கத்தில் நிற்பது என்று ஆனது. யாரும் சொல்லி வைத்தது அல்ல, தானாக ஆனது.

நிலம் இருந்தவர்கள் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். இவர்கள் இருவர் வீட்டிலும் கொடுப்பதற்குக் கையும் காலும்தான் இருந்தன. வேலை பர்மனென்ட் ஆகும் என்று காத்திருந்தார்கள். கொஞ்ச நாள் விட்டுப் போனாலும் சீனியாரிட்டி போய்விடும், வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். அந்தப் பயத்தில் அன்புச்செல்வன் காய்ச்சலோடு ஷிப்டுக்கு வருவான். கல்யாணத்துக்கு மறுநாளும் மஞ்சள் கயிற்று வாசனையோடு வந்தான். "எறங்கவும் முடியல, ஏறவும் முடியலண்ணே. மண்ணுகூட சவாரி போவுது பாரு" என்று பெல்ட்டை அண்ணாந்து பார்ப்பான்.

அவன் அக்காள் மகள் செவ்வந்தி புதுச்சேரிக்குப் படிக்கப் போனவள், அங்கே கடற்கரையில் பலகைமேல் நின்று அலையோடு போகிற அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டு, கற்றுக்கொடுக்கிறவளாகவே ஆகிவிட்டாள். பலகைகளைப் பார்த்துக்கொள்ள, வண்டி ஓட்ட அங்கே நம்பிக்கையான ஆள் வேண்டும், மாமா வருகிறாயா என்று கேட்டிருந்தாள். "வேல கடல்ல. கடல்ல ஒரு வாட்டி எறங்கிப் பாத்துட்டு முடிவு பண்ணு" என்றாள். தனியாகப் போக அவனுக்குத் தைரியம் இல்லை. வார லீவில் தனகோட்டியையும் இழுத்துக்கொண்டு, கடலூரில் பஸ் மாறிக்கொள்ளலாம் என்று கடலூர் பஸ் ஏறினான்.

செவ்வந்தி இருவருக்கும் உடம்போடு ஒட்டுகிற சட்டை கொடுத்தாள். தனகோட்டிக்குத் தொப்பையில் நின்றது.

"பொணத்துக்குக்கூட இப்படி இறுக்கிக் கட்ட மாட்டாங்கம்மா."

"மூச்ச வுடுங்க பெரிய மாமா, எறங்கும்" என்றாள். மணலில் குப்புறப் படுக்கவைத்துப் பாடம் சொன்னாள். "காலப் பாக்காதீங்க, கரையப் பாருங்க. அலையோட சண்ட போடாதீங்க. வுழறது தப்பில்ல, வுழும்போது தலைய மூடிக்கினு வுழுங்க." கணுக்காலில் பட்டை கட்டி அதைப் பலகையோடு சேர்த்தாள். அந்த ஊரிலேயே தனகோட்டிக்குப் பிடித்த ஒரே பொருள் அந்தப் பட்டைதான்.

முதலில் அவனைத்தான் தள்ளிவிட்டாள். அலை பலகையைத் தூக்கியது. தன் பிடியில் இல்லாத ஒன்று அடிவயிற்றுக்குக் கீழே விர்ரென்று ஓடுகிறது. முட்டி போட்டு எழுந்த தனகோட்டியின் வலது கை தானாகப் பக்கவாட்டில் போயிற்று. இடுப்பு உயரத்தில், வெறும் காற்றைப் பிடித்து, பலம் கொண்டமட்டும் இழுத்தது. தலைகீழாகப் போய் விழுந்தான்.

செவ்வந்தி சிரித்துச் சிரித்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னா பெரிய மாமா, பஸ்ஸுல பெல்லு அடிக்கிறீங்களா?"

அன்புச்செல்வன் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியும் அது என்ன இழுப்பு என்று.

அவன் முறை வந்தது. அவன் கையும் போயிற்று. விழுந்தான், உப்புத் தண்ணீர் குடித்தான், மறுபடி ஏறினான். மறுபடியும் கை போயிற்று. சுரங்கம் அவன் தோளுக்குள் உட்கார்ந்துகொண்டு இழுத்தது. அதற்கடுத்த அலையில் கை பாதி தூரம் போய் நின்றதைத் தனகோட்டி கரையிலிருந்து பார்த்தான். அந்தக் கையைத் திரும்ப இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான் அன்புச்செல்வன். நிற்கவெல்லாம் இல்லை. முட்டி போட்டபடியே, வாயைப் பிளந்துகொண்டு, பலகை மணலில் தட்டுகிறவரை வந்தான். வந்து நுரையில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"இங்க கயிறு இல்லண்ணே."

"அதத்தான்டா நானும் சொல்றேன். கயிறு இல்லாத எடத்துல மனுசன் ஏறுவானா?"

"அங்க கயிறு இருக்குது. நாம இழுத்தமா?"

"இழுத்தேன்டா. உன் சட்டைக்கு."

"என் சட்டைக்கு இழுத்த. உனுக்கு?"

தனகோட்டி மறுபடி தண்ணீரில் இறங்கவில்லை. கணுக்காலில் பட்டையோடு, பலகையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் செவ்வந்தி வந்து குனிந்து அவிழ்த்துவிட வேண்டியிருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் அன்புச்செல்வன் வாய் மூடவில்லை. "இத்தினி வருசமா பெல்ட்டு என்னிக்கி நிக்கும், நின்னா எறங்கலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது நிக்காதுண்ணே. ஓடும்போதே எறங்கணும்."

"ஒரு நாள் கடத்தண்ணி குடிச்சதுக்கு உபதேசமாடா?" என்று தனகோட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூக்கிலிருந்து இன்னும் உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

சொன்னது சுலபம். மறுநாள் அன்புச்செல்வன் ஷிப்டுக்கு வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். ஒரு நாள் பாஸைக் கொடுத்துவிடுகிறேன் என்று கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனான், பாஸோடு திரும்பி வந்தான். "இந்த வருசம் நம்ம பேரு வந்துடுமாம்ணே" என்றான். இன்னொரு தடவை போனான். "இவ்ளோ நாளு இருந்துட்டு இப்ப போவியான்னு கேக்குறாங்க" என்று அப்போதும் பாஸோடு வந்தான். ஒவ்வொரு தடவையும் தனகோட்டிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கயிற்றுப் பக்கத்தில் ஆள் இருக்கிறானே! ஆனால் திரும்பி வருகிறவனின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. பெல்ட்டை அவன் இப்போது அண்ணாந்து பார்ப்பதில்லை. செவ்வந்தி போன் அடித்தால் எடுப்பதுமில்லை.

பொங்கல் கழிந்து ஒரு காலை. தனகோட்டி முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் போகும்போது மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் அன்புச்செல்வன் நின்றிருந்தான். தோளில் பை. பெண்டாட்டி மலர்க்கொடி பக்கத்தில் ஒரு தகர டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஷிப்டுக்கு வரலியா?"

"இல்லண்ணே."

தனகோட்டி சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. "நான் குனிஞ்சா கயித்துகிட்ட யாருடா நிப்பா?"

அன்புச்செல்வன் மலர்க்கொடியைப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்தாள். கடலூர் பஸ் வந்து நின்றது. மலர்க்கொடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏறினாள். அவன் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்த பாஸை எடுத்துத் தனகோட்டியின் கையில் திணித்தான். கண்டக்டர் விசில் ஊதினான்.

"ஆபீசுல குடுத்துடுண்ணே" என்றான் அன்புச்செல்வன். "இன்னிக்கே குடுத்துடு. உன் கைல வச்சிக்கினு இருக்காத. நாளைக்கி நானே வந்து அழுது கேட்டாலும் எனக்குக் குடுக்காத."