புதிதாகப் போட்ட வெளிச்சம்

திரையில் அந்த மனிதன் அடி வாங்கிக்கொண்டே நின்றான். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஆட்கள் அவனைச் சுற்றி வளைத்து முகத்திலும் விலாவிலும் குத்தினார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை, விலகவில்லை, தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை. முதலில் அது ஒரு சோதனை என்றே நினைத்தேன். எங்கள் வேலை அப்படிப்பட்டது. வெளிவராத வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். சுவரில் முட்டிக்கொண்டே நடப்போம், கடலுக்குள் இறங்கிப் பார்ப்போம், ஆள் எப்போது விழுவான் என்று சும்மா நின்று அடி வாங்குவோம். அதனால் என் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னாக்கா, ஆளு செத்துடுவான் போலக்கீதே" என்றேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் கட்டைவிரல்கள் கண்ட்ரோலரின் மேல் அப்படியே நின்றிருந்தன. கண் திறந்திருந்தது, இமை மட்டும் படபடத்தது. திரையின் சிவப்பும் வெள்ளையும் அவள் முகத்தில் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. நான் எழுந்து தோளைத் தொடுவதற்குள் உடம்பு விறைத்து, நாற்காலியோடு பக்கவாட்டில் சரிந்துவிட்டாள்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்த மதிய நேரம். ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். வலிப்பை நான் அதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை. கையில் சாவிக் கொத்தைக் கொடுக்க வேண்டும் என்று ஊரில் சொல்லுவார்கள். அதுகூட எனக்கு அப்போது நினைவு வரவில்லை. அவள் தலை மேசைக்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, என் தொடையை நடுவில் கொடுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே கத்திக் கூப்பிட வாய் எழவில்லை. உயிர் போகிறது என்றே நினைத்தேன். மேலே திரையில் அந்த மனிதன் விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி அடி வாங்கத் தொடங்கியிருந்தான். உதறல் அடங்கி, மூச்சு சீராகி, அவள் கண் என்னை அடையாளம் கண்டதும் முதலில் கேட்டது தண்ணீரையல்ல. "யாருனா பாத்தாங்களா?"

"இல்லக்கா."

"யாராண்டயும் சொல்லாத டீ. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன், சொல்லாத."

அவள் எங்கள் குழுவின் லீட். தெலுங்குக்காரர்கள் நிறைந்த அந்தத் திருப்பதி அலுவலகத்தில் தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். நான் நகரிப் பெண். வீட்டில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் குரலை உயர்த்தியே பேசுவேன். முதல் நாளே, "மெல்லப் பேசு, இங்க தறி ஓடல" என்று சிரித்தவள் அவள்தான். சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவளுடைய அப்பா, அவள் வாயில் நைனா, பஸ் டிரைவராக இருந்தவர். சென்னை டூட்டிக்குப் போன ஒரு தடவை பர்மா பஜாரில் ஒரு பழைய கேம் பெட்டியை வாங்கி வந்தாராம். அதோடு வந்த ஒரே கேம் தட்டு ஒரு ஜப்பானியக் குற்றக் கதை. ஒரு காலத்தில் ரவுடிக் கூட்டத்தில் இருந்து, பின் மீன் சந்தையில் கூலி வேலை செய்கிறவன், அதே கூட்டத்தில் சேர்ந்து காணாமல் போன தன் தம்பியைத் துறைமுக நகரம் முழுக்கத் தேடுகிறான். அக்காவுக்கும் அவள் அண்ணனுக்கும் அதில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. புரியாததால் வசனங்களைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். நாயகன் தமிழில் பேசுவான், வில்லன்கள் எல்லாரும் தெலுங்கில். கூட்டத் தலைவனுக்குத் தங்கள் பெரியப்பாவின் பெயர். நைனா இறந்த வருடம் அந்தப் பெட்டியும் கெட்டுப்போனது என்றாள்.

அந்த ஆட்டத்தையே ஜப்பானில் இப்போதைய காலத்துக்கு ஏற்றபடி அடியிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் ஒரு பகுதி சோதனைக்காக எங்கள் சிறிய அலுவலகத்துக்கு வந்தது. பழையதை விளையாடியிருந்தவள் அக்கா ஒருத்திதான். முதல் நாள் துறைமுகத் தெரு திரையில் விரிந்ததும், சொந்த ஊருக்குப் போனவள் போல, இங்கே நூடுல்ஸ் கடை, இந்தச் சந்தில் பூனை, இந்த மாடியில் தம்பியின் சட்டை காயும் என்று கைகாட்டிக்கொண்டே போனாள். எல்லாம் அங்கங்கேயே இருந்தது. மழை மட்டும் இப்போது நிஜ மழை போலப் பெய்தது. மாறியிருந்த பெரிய இடம் ஒன்றே ஒன்று: சின்ன இரும்புக் குண்டுகள் உருளும் சூதாட்டக் கூடம். தம்பியைக் கடைசியாகப் பார்த்தவன் அங்கே இருப்பான். சாம்பல் கோட்டு அடியாட்களோடு மோதித்தான் அவனை அடைய முடியும். பழைய ஆட்டத்தில் அந்தக் கூடம் மங்கலாக இருக்குமாம். புதியதில் ஒவ்வொரு இயந்திரமும் சுவரும் கூரையும் விளக்குகள். ஒவ்வோர் அடிக்கும் கூடம் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக வெட்டி வெட்டி மின்னும். இந்த மறு ஆக்கத்துக்கே அதுதான் பெருமை என்று மேனேஜர் சார் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூடத்தை ஆடும்போது அக்கா விழுந்த நாள் சாயங்காலம், பஸ் நிலையத்துக்கு அவளோடு நடந்தபோதுதான் மீதியைச் சொன்னாள். பத்தாம் வகுப்பில் பிரேயரில் நிற்கும்போது முதல் தடவை விழுந்தாளாம். வேலூர் டாக்டர் கொடுக்கும் மாத்திரையால் பல வருடங்களாக ஒன்றும் வரவில்லை. ஹெட்போன் உறைக்குள் மாத்திரை வைத்துக்கொண்டு, கை கழுவப் போவது போல் போய்ப் போட்டுக்கொள்வாளாம். புத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். "அண்ணன் சொல்லிட்சி, கல்யாணம் ஆவறவரைக்கும் வாயத் தொறக்காதன்னு. தொறந்தா நின்னுடும். அப்பறம் இன்னொருத்தன் வருவானா?" என்றாள். அண்ணனைப் பற்றிக் குறையாகச் சொல்லவில்லை. நைனாவுக்குப் பிறகு வீட்டைச் சுமந்தவர் அவர்; பயத்தையும் அவர்தான் சுமந்தார் போலும்.

நான் சத்தியம் செய்துகொடுத்தேன். செய்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கூடத்துக் காட்சியை அவளிடமிருந்து வாங்கி நானே விளையாடினேன். விளையாடும்போது என் ஒரு காது அவள் பக்கமே இருக்கும். நாற்காலி கிறீச்சிட்டால் திடுக்கிடுவேன். கண்ட்ரோலர் பொத்தான்களின் சத்தம் கொஞ்சம் நின்றால் கழுத்து தானாகத் திரும்பும். அவள் எரிச்சலோடு, "உசுரோட தான் கீறேன், உன் வேலயப் பாரு" என்பாள். அவள் பஸ் ஏறிய பின் நான் விடுதி அறையில் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "புத்தலப்பட்டு தாண்டிட்டேன்" என்று குறுஞ்செய்தி வந்தால் பாதி உயிர் திரும்பும். "வந்துட்டேன்" என்றால் மீதி. செய்தி வரத் தாமதமான ஒரு நாள், ஓடும் பஸ்ஸின் படிக்கட்டில் அவள் நிற்பதாகக் கற்பனை செய்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். டயர் பஞ்சர், அவ்வளவுதான்.

அந்த வெளிச்சத்தைப் பற்றி ஒருவரும் பிழைக் குறிப்பு எழுதவில்லை என்பது என்னை அரித்தது. கேட்டால் அவள், "வெளிச்சமா, மாத்திரயா, எப்பிடிச் சொல்லுவ? அன்னிக்கி காலைல மாத்திர போட மறந்துட்டேன்" என்றாள். பிறகு ஒரு நாள், யோசித்து வைத்திருந்தவள் போல, "ஒரு தடவ வந்தா தற்செயல். திரும்ப வந்தாத்தான் பிழை. நீ பக்கத்துல ஒக்காரு, நான் அந்தக் கூடத்த ஒரு தடவ ஆடிப் பாக்கறேன்" என்றாள். பிழை தேடும் புத்தி அவளை அந்த எல்லைக்குக் கொண்டுபோயிருந்தது. "உங்க அண்ணனாண்ட போன் பண்ணிச் சொல்லிடுவேன்" என்று மிரட்டினேன். அதுவரை அவளிடம் நான் கோபித்துப் பேசியதில்லை. அவள் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

அதனால் அவள் பெயரைச் சொல்லாமல் நானே எழுதினேன்: கூடத்தில் வெளிச்சம் மிக வேகமாக வெட்டுகிறது, சிலருக்கு வலிப்பு வரலாம். மேனேஜர் சார் கெட்டவர் அல்ல. படித்தார், யோசித்தார், என்னைக் கூப்பிட்டு, "எவரிகைனா வச்சிந்தா?" என்று கேட்டார். யாருக்காவது வந்ததா என்ற கேள்விக்கு நான் என்ன சொல்ல முடியும்? வெளிச்சத்தைத் தனியாக அளந்து பார்க்கிறவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி என் குறிப்பை மூடிவிட்டார். அக்காவிடம் சொன்னேன். அவள் டிபன் டப்பாவைத் திறந்து, எனக்கும் சோற்றைத் தள்ளி வைத்து, "துன்னு" என்றாள்.

அந்தப் பகுதிக்கு எங்கள் ஒப்புதலைக் கொடுக்கும் நாள் வந்தது. எல்லாரும் கூட்ட அறையில் இருந்தோம். மேனேஜர் சார் பகுதி பகுதியாகப் பெயர் சொல்லி வர, ஒவ்வொருவரும் சரி என்று சொல்லி வந்தோம். கூடம் என்றார். நான் வாய் திறக்குமுன் அக்கா எழுந்து நின்றாள். எழுந்து நிற்க வேண்டிய கூட்டமே அல்ல அது. பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, "நாகே வச்சிந்தி, சார்" என்றாள். எனக்கே வந்தது என்று. தனக்கு வலிப்பு நோய் இருப்பதையும், அந்தக் கூடத்தில் எந்த அடிக்குப் பிறகு தனக்கு நினைவு போனது என்பதையும், அன்று மாத்திரை தவறியதையும்கூட மறைக்காமல், தெலுங்கில் நிதானமாகச் சொன்னாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து, "ஏன்க்கா சொன்னீங்க? கல்யாணம்?" என்று கேட்டேன்.

"எங்கியோ ஒரு பொண்ணு தனியா ரூம்ல ஒக்காந்து ஆடிக்கினு இருப்பா. தலயப் புடிக்க நீ அங்க இருக்க மாட்டியே டீ."

மேனேஜர் சார் அன்றே எழுதி அனுப்பினார். சில வாரங்களில் வந்த புதிய பிரதியில் கூடத்து விளக்குகள் வெட்டி மின்னவில்லை. மெல்ல ஏறி மெல்ல இறங்கின. சண்டை அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. நன்றி சொல்லி ஜப்பானிலிருந்து ஒரு வரி வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் விஷயம் அதற்குமுன்பே புத்தூருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. யார் வாயிலிருந்து போனது என்று தெரியாது. அண்ணன் சித்தூரிலிருந்து வந்து அலுவலக வாசலில் நின்றார். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. "இத்தன வருசம் மூடி வெச்சேன். ஒரு வார்த்தைல கொட்டிட்ட" என்றார். "கொட்டினது நல்லதுண்ணா. எனக்கும் கனமாத்தான் இருந்திச்சி" என்றாள் அவள். அவர் பஸ் நிலையத்தை நோக்கி நடந்துவிட்டார். மாப்பிள்ளை ஒரு தடவை அவளைப் பார்க்க வந்தார். டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். தனக்கு ஆட்சேபம் இல்லை, அம்மாதான் என்று இழுத்தாராம். "அப்ப அம்மாவுக்கே கல்யாணம் பண்ணி வெக்கச் சொன்னேன்" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னவள், அறைக்குள் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் ஹெட்போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேலையிலிருந்து யாரும் அவளை நீக்கவில்லை. ஆனால் நான் ஒருத்தி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது போய், அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவள் பேனாவைக் கீழே போட்டால் நாலு பேர் எழுந்தார்கள். என் பயமும் அவளுக்கு இப்படித்தான் கனத்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். விளையாட்டுகளின் வெளிச்சமும் சத்தமும் யாரையாவது பாதிக்குமா என்று பார்ப்பதே அங்கே அவள் வேலை. பெரும்பாலும் எண்களையும் கோடுகளையும் பார்க்கிறாள். திரையை உற்றுப் பார்க்க வேறு ஆள் உண்டு. வெகுநாள் பேசாமல் இருந்த அண்ணன், வேலூரில் டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியன்று சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாராம். டோக்கன் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு, "சாப்ட்டியா?" என்றாராம்.

போன மாதம் திருப்பதிக்கு வந்திருந்தாள். பஸ் நிலையத்தின் எதிரே இட்லி சாப்பிட்டோம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், தலையில் ஓரிரு நரை. நான் இப்போது அவள் இருந்த இடத்தில் லீட். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, "தனியா வீடு எடுத்துக்கினு இருக்கீங்களே, பயமா இல்லியா?" என்று கேட்டுவிட்டேன். குடிபோன அன்றைக்கே வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். எனக்கு வலிப்பு வரும், வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவியும் வேண்டாம் என்று. கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். 

"அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க?"

"கதவத் தாப்பா போடாம படுத்துக்கோ, நான் பாத்துக்கறேன்னாங்க. அப்பறம் முகத்த ரொம்ப சீரியஸா வெச்சிக்கினு, 'நானும் ஒண்ணு மறைக்காம சொல்லிடறேன் மா, இந்த வீட்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்'னாங்க."